மாதர் உரிமைக்கு வழி வகுத்த மாமேதை

மூணாற்றிலிருந்து கிழக்கே செல்லும் மலைப்பாதையிலே சின்னக்கானல் என்னும் ஊர் இருக்கிறது. பெரியகானல், சூரியநெல்லி, ஆனையிறங்கல் என அதனைச் சூழ்ந்துள்ள இடங்களெல்லாம் தேயிலையும் ஏலமும் விளையும் மலைகளாம். தமிழ்நாட்டுச் சமவெளியினின்றும் கங்காணிகளால் தலைமுறைகளுக்கு முன்னே அழைத்து வரப்பட்ட குடும்பங்கள் இங்கே லயத்து வீடுகளில் வாழ்ந்து வருகின்றன. போடிநாயக்கனூர்ப் பக்கத்திலிருந்து விடியுமுன்னே ஜீப்பு ஏறி ஏலக்காட்டு வேலைக்கு வந்து பொழுது சாயத் திரும்புவோரும் பலர் உளர். கொழுந்து பறிப்பவரும் ஏலக்காய் எடுப்பவரும் பெரும்பாலும் பெண்களே.

இம்மலைகளிலே நிலையான வேலையில் உள்ள ஒரு பெண், பிள்ளைப்பேற்றுக்காக வீட்டில் தங்கினால், ஊதியத்தோடு கூடிய விடுப்புப் பெறும் உரிமை அவளுக்கு உண்டு. ஒரே வேலைக்கு ஆணுக்குள்ள கூலியே பெண்ணுக்கும் என்பது சட்டம். தேர்தலில் அவள் வாக்கும் தோட்ட முதலாளியின் வாக்கும் ஒரே மதிப்புடையவை. தந்தையின் சொத்தில் தமையனுக்கு உள்ளது போல் அவளுக்கும் பங்கு உண்டு. இவை யாவும் பருவமழை போலத் தாமே பொழிந்தவை அல்ல. பலர் பாடுபட்டுப் பெற்றவை. அப்பலருள் முன்னின்ற ஒருவரின் படம் நம் இல்லங்களில் எல்லாம் மாட்டப்பட்டிருக்கிறது. அரசியல் சட்டம் வரைந்தவர் என்றும், நமக்குத் தம்மத்தைக் காட்டியவர் என்றும் டாக்டர் பாபாசாகேப் அம்பேத்கர் அவர்களை நாம் போற்றுகிறோம். பெண்குலத்தின் பொருட்டு அவர் ஆற்றிய பணியோ அத்துணை எடுத்துரைக்கப்படுவதில்லை. அதனைச் சற்றே விரிவாகக் கூறுதல் இக்கட்டுரையின் நோக்கம்.

தாயை இழந்த இளமை

பீமராவ் 1891ஆம் ஆண்டு ஏப்ரல் 14ஆம் நாள் மத்திய இந்தியாவிலுள்ள மாவ் என்னும் படைமுகாமில் பிறந்தார். தந்தை ராம்ஜி, படையில் சுபேதாராக இருந்தவர், தாய் பீமாபாய். பெற்றோருக்கு அவர் பதினான்காவது மகவு. ஐந்து வயதளவில் தாயை இழந்தார். அதன்பின் அவரை வளர்த்தெடுத்தவர் தந்தையின் தமக்கையாகிய மீராபாய். அவ்வம்மையார் கூன் விழுந்த உடலினர். எனினும் தாயில்லாப் பிள்ளைக்குத் தாயாகவே விளங்கினார்.

பீமராவின் கல்விக்கும் பெண்களே துணை நின்றனர். மகன் கேட்ட புத்தகங்களை வாங்கக் கையில் பொருளில்லாத வேளைகளில், ராம்ஜி மணமாகிச் சென்ற தம் பெண்மக்களிடம் ஓடுவார். அவர்கள் கழற்றிக் கொடுத்த நகையை அடகு வைத்து, அப்பணத்தில் புத்தகம் வாங்கி வருவார். தமக்கையர் நகை தந்தனர், தம்பி படித்தான். அந்தத் தமக்கையருக்குப் பள்ளிப் படிப்பென்பது எட்டாத ஒன்று. பிற்காலத்தில் அவர் பெண் கல்வியை எங்கும் வற்புறுத்தியதன் வேர் இதிலே இருந்தது எனக் கொள்ளுதல் தவறாகாது.

அக்கால வழக்கப்படி ஏறத்தாழப் பதினைந்து வயதிலேயே அவருக்கு மணம் முடிக்கப்பட்டது. மணமகள் இரமாபாய்க்கு ஒன்பது வயதளவே இருக்கும். பம்பாய் பைகுலாச் சந்தையில் கடைகள் மூடிய பின்னர், இரவு வேளையில், கொட்டகையின் ஒரு மூலையில் அத்திருமணம் நடைபெற்றது. 1907இல் எல்பின்ஸ்டன் பள்ளியில் மெட்ரிகுலேஷன் தேறினார். 1912இல் பம்பாய்ப் பல்கலைக்கழகத்தில் பி.ஏ. பட்டம் பெற்றார். 1913இல் பரோடா மன்னரின் உதவியால் அமெரிக்கா சென்று, நியூயார்க்கிலுள்ள கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார்.

சாதியின் வாயில்

அமெரிக்கா சென்ற புதிதிலேயே, தந்தையாரின் நண்பர் ஒருவருக்கு எழுதிய கடிதத்தில், ஆண்களின் கல்வியோடு பெண்களின் கல்வியையும் ஒருசேர நடத்தினால் நம் முன்னேற்றம் விரைந்து வரும் என்னும் கருத்தை அவர் வெளியிட்டார். அப்போது அவருக்கு இருபத்திரண்டு வயது.

1916ஆம் ஆண்டு மே மாதம் 9ஆம் நாள், மானிட நூல் கருத்தரங்கொன்றில் இந்தியாவின் சாதிகள் பற்றி ஒரு கட்டுரை படித்தார். சாதி எவ்வாறு நிலைபெறுகிறது என்பது அவர் ஆய்ந்த வினா. ஒரு கூட்டத்தார் தமக்குள்ளேயே மணஞ்செய்துகொள்ள வேண்டுமாயின், அக்கூட்டத்தில் ஆண் பெண் தொகை ஒத்திருக்க வேண்டும். கணவன் இறந்து மனைவி மிஞ்சினால், அவள் வேறு கூட்டத்தில் மணஞ்செய்து சாதி வேலியைத் தாண்டக்கூடும். அதனைத் தடுக்கவே உடன்கட்டை ஏற்றினர். அன்றேல் வாழ்நாள் முழுதும் கைம்மை நோன்பில் அடைத்தனர். மனைவியை இழந்த ஆணுக்குத் துணை தேடவோ, இன்னும் பருவமெய்தாத சிறுமியை மணம் முடித்தனர். சதி, கட்டாயக் கைம்மை, குழந்தை மணம் ஆகிய மூன்றும் சாதியைக் காக்கும் மூன்று பூட்டுகள் என அவர் நிறுவினார்.

இக்கண்டுபிடிப்பின் பொருள் ஆழமானது. சாதி ஒழிப்பு ஒரு வேலை, பெண் விடுதலை வேறொரு வேலை என்று பிரித்துவைப்பார்க்கு அது விடையாக நின்றது. பெண்ணைக் கட்டிய கயிற்றாலேயே சாதியும் கட்டப்பட்டிருக்கிறது. ஒன்றை அவிழ்த்தால்தான் மற்றதும் அவிழும். அவர் வாழ்நாள் முழுதும் இவ்விரண்டையும் ஒருசேரப் பற்றியதற்குக் காரணம் இதுவே.

இரமாபாய் அம்மையார்

கணவர் கடல் கடந்து கற்றுக்கொண்டிருந்த ஆண்டுகளில் இரமாபாய் பம்பாய்ச் சேரியில் வறுமையோடு போராடினார். சாணம் பொறுக்கி வறட்டி தட்டிக் குடும்பத்தைக் காத்தார். பெற்ற மக்கள் ஐவருள் நால்வரை இழந்தார். யசுவந்தர் ஒருவரே எஞ்சினார். நோயுற்ற காலத்தில் பண்டரிபுரம் சென்று வழிபட விரும்பினார். தீண்டாதார் என்று வெளியே நிறுத்தப்படும் கோயிலுக்கு அவரை அழைத்துச் செல்லக் கணவர் மனம் இசையவில்லை. 1935 மே 27இல் அம்மையார் மறைந்தார்.

பாபாசாகேப், பாகிஸ்தான் பற்றித் தாம் எழுதிய நூலை அவருக்கே உரிமையாக்கினார். பெரியோர் வாழ்க்கையைப் படிப்போர், அவர்கள் ஏறிய ஏணியைத் தாங்கிப் பிடித்த கைகளையும் காண வேண்டும். இரமாபாய் போன்ற பெண்கள் நம் லயங்களிலே இன்றும் உள்ளனர். தாம் உண்ணாது மகனைப் படிக்க வைத்த தாயின் பெயர் எந்தச் சான்றிதழிலும் பெரிய எழுத்தில் பொறிக்கப்படுவதில்லை.

மகாதும் சட்டசபையும்

1927 மார்ச்சில் மகாத் குளத்து நீரை அள்ளிப் பருகும் அறப்போரைப் பாபாசாகேப் நடத்தியது யாவரும் அறிந்ததே. அவ்வாண்டு டிசம்பர் 25இல் அதே ஊரில் மனுஸ்மிருதி எரிக்கப்பட்டது. சூத்திரனுக்கும் தீண்டாதாருக்கும் எதிரான நூல் என்பதோடு, பெண்ணுக்கு எந்நாளும் தன்னுரிமை இல்லை என விதித்த நூல் என்பதும் அதற்குக் காரணமாகும். அம்மாநாட்டின்போது அவர் பெண்களைத் தனியே கூட்டிப் பேசினார். தாழ்த்தப்பட்டவர் என்று பார்த்தவுடன் அடையாளம் தெரியும்படி உடுத்தும் வழக்கத்தை விடுமாறும், கனத்த வெள்ளி பித்தளை அணிகளைக் களையுமாறும், குடித்துவிட்டு வரும் கணவனுக்கும் மகனுக்கும் சோறிடாதிருக்குமாறும், பெண் குழந்தைகளைப் பள்ளிக்கு அனுப்புமாறும் கேட்டுக்கொண்டார். பெண்கள் உடனே புடவை கட்டும் முறையை மாற்றிக்கொண்டனர். உடை மாற்றம் சிறு செயலாகத் தோன்றலாம். முழங்காலுக்குக் கீழே புடவை இறங்கக்கூடாது என்று அடக்கப்பட்டிருந்தவருக்கு அது பெருஞ்செயலே.

அந்நாளில் அவர் பம்பாய்ச் சட்டசபையில் நியமன உறுப்பினராக இருந்தார். ஆலைப் பெண்களுக்குப் பிள்ளைப்பேற்றுக் காலத்தில் உதவித்தொகை அளிக்க வேண்டும் என்னும் மசோதா 1928 ஜூலையில் அங்கே விவாதத்துக்கு வந்தது. பாபாசாகேப் அதனை ஆதரித்துப் பேசினார். பேறுகாலத்துக்கு முன்னும் பின்னும் தாய்க்கு ஓய்வு கிடைப்பது நாட்டின் நலனுக்கே உரியது. ஆதலின் அச்செலவில் அரசாங்கமும் பங்கேற்க வேண்டும். பெண்ணின் உழைப்பால் இலாபம் பெறும் முதலாளியும் அதனைத் தாங்குதல் நியாயம் என்பது அவர் வாதம். 1929இல் அது சட்டமாயிற்று. சென்னை மாகாணத்தில் 1934இலும், சுரங்கங்களுக்கென 1941இலும், நாடு முழுமைக்குமாக 1961இலும் அத்தகைய சட்டங்கள் தொடர்ந்து பிறந்தன. 2017இல் செய்த திருத்தத்தால் விடுப்புக் காலம் முதலிரு பிள்ளைகளுக்கு 26 வாரமாக உயர்ந்தது.

1938 நவம்பரில், குடும்பக் கட்டுப்பாட்டுக்கு அரசாங்கம் வசதி செய்ய வேண்டும் என்ற தீர்மானத்தை அவருடைய சுதந்திரத் தொழிற்கட்சி பம்பாய்ச் சட்டசபையில் கொண்டுவந்தது. தீர்மானம் தோற்றது. பிள்ளை பெறுவதைப் பற்றிப் பேசவே ஆண்கள் கூசிய காலம் அது.

நாகபுரி மாதர் மாநாடு

1942 ஜூலையில் நாகபுரியில் ஒடுக்கப்பட்டோர் மாநாடு கூடியது. சென்னையைச் சேர்ந்த என். சிவராஜ் அவர்கள் அதற்குத் தலைமை தாங்கினார் என்பது தமிழராகிய நமக்குப் பெருமை தருவது. அதனையடுத்து 20ஆம் நாள் மாதர் மாநாடு தனியே நடைபெற்றது. ஆயிரக்கணக்கான பெண்கள் திரண்ட அம்மாநாட்டுக்குத் தலைமை ஏற்றவர் அமராவதியைச் சேர்ந்த சுலோசனாபாய் டோங்ரே. மணவிலக்கு உரிமை வேண்டும், பலதார மணம் ஒழிய வேண்டும், ஆலை, பீடித் தொழில், நகராட்சி, இரயில்வே ஆகியவற்றில் உழைக்கும் பெண்களுக்கு விடுப்பும் காயத்துக்கு ஈடும் முதுமையில் ஓய்வூதியமும் வேண்டும் என்று பெண்களே தீர்மானம் நிறைவேற்றினர்.

ஒரு சமுதாயம் எவ்வளவு முன்னேறியுள்ளது என்பதை அதன் பெண்கள் எவ்வளவு முன்னேறியுள்ளனர் என்பதைக் கொண்டே தாம் அளப்பதாகப் பாபாசாகேப் அங்கே எடுத்துரைத்தார். பிள்ளைகளுக்கு அவசரப்பட்டு மணம் முடிக்க வேண்டாம் என்றும், மணமான பெண் கணவனுக்கு அடிமையாக அன்றி நண்பராகவும் நிகராகவும் நிற்க வேண்டும் என்றும் அறிவுறுத்தினார். தமிழ்நாட்டின் மீனாம்பாள் சிவராஜ் அவர்கள் இவ்வியக்கத்தின் மாதர் மாநாடுகளில் பின்னர்த் தலைமை ஏற்று விளங்கியதும் ஈண்டு நினைவுகூரத்தக்கது.

சுரங்கத்தின் இருள்

அவ்வாண்டு ஜூலையிலேயே அவர் வைசிராயின் நிர்வாக சபையில் தொழிலாளர் துறையை ஏற்றார். 1946 வரை அப்பொறுப்பில் இருந்தார். சுரங்கப் பெண்களின் பேறுகால உதவிச் சட்டம் அவர் காலத்தில் திருத்தப்பட்டது. சுரங்கங்களில் தாய்மார் வேலை செய்யும்போது பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளக் காப்பகம் அமைக்கவும் விதி செய்யப்பட்டது.

அக்காலத்து நிகழ்ச்சி ஒன்றை மறைக்காமல் கூறுதல் வேண்டும். பெண்கள் நிலக்கரிச் சுரங்கத்தின் உள்ளே இறங்கி வேலை செய்வது 1937 முதல் தடுக்கப்பட்டிருந்தது. உலகப் போர் மூண்டு நிலக்கரித் தட்டுப்பாடு நேர்ந்தபோது, 1943இல் அரசாங்கம் அத்தடையை நீக்கியது. மாதர் சங்கங்கள் கண்டித்தன. தொழிலாளர் துறைத் தலைவர் என்னும் முறையில் 1944 பிப்ரவரியில் மத்திய சட்டசபையில் விடை கூறும் கடமை பாபாசாகேப் மேல் விழுந்தது. போர்க்கால நெருக்கடியால் நேர்ந்த தற்காலிக ஏற்பாடு என்று அவர் அதற்குச் சமாதானம் சொன்னார். அதேவேளையில், இறங்கும் பெண்ணுக்கு ஆணுக்குரிய கூலியே தரப்பட வேண்டும் என்பது விதியாக்கப்பட்டது என்றும், ஆண் பெண் வேறுபாடின்றி ஒத்த வேலைக்கு ஒத்த கூலி என்னும் கொள்கை அவ்வாறு இடம்பெற்றது என்றும் எடுத்துக்காட்டினார். தடை 1946 பிப்ரவரியில் மீண்டும் நடைமுறைக்கு வந்தது.

அன்று கண்டித்தவர்கள் பிழைபட்டார் என்று நாம் கூற வேண்டியதில்லை. ஆட்சியில் அமர்ந்தவர் விரும்பாத சுமையையும் தாங்க நேரும். அந்நிலையிலும் சுமையைப் பெண்ணின் தலையில் மட்டும் ஏற்றிவிடாமல் கூலியில் நீதி கேட்டதே அவரிடம் நாம் கற்க வேண்டியது. ஆணுக்கு ஒரு கூலி, பெண்ணுக்கு அதிற் குறைந்த கூலி என்பது மலைத்தோட்டங்களிலும் நெடுங்காலம் நிலவிய வழக்கமே. சம ஊதியச் சட்டம் நாட்டில் 1976இல்தான் நிறைவேறியது. சுரங்கத்தில் எழுந்த கொள்கை தோட்டத்துக்கு வர முப்பது ஆண்டுகளுக்கு மேலாயிற்று.

அரசியல் சட்டமும் சட்டத் தொகுப்பும்

சுதந்திர இந்தியாவின் முதல் சட்ட அமைச்சராகவும், அரசியல் சட்ட வரைவுக் குழுவின் தலைவராகவும் 1947இல் அவர் பொறுப்பேற்றார். அரசியல் நிர்ணய சபையில் பெண்கள் பதினைவரே இருந்தனர். கேரளத்துக்கு உரிய மூவர் அவர்களுள் அடங்குவர்: பாலக்காட்டுச் சீமையில் ஆனக்கரையைச் சேர்ந்த அம்மு சுவாமிநாதன், திருவிதாங்கூரின் ஆனி மஸ்கரீன், கொச்சியின் தாட்சாயணி வேலாயுதன். ஒடுக்கப்பட்ட குலத்தில் பிறந்து அச்சபையில் அமர்ந்த ஒரே பெண்மணி தாட்சாயணி. அவர் தனித்தொகுதி முதலியவற்றில் பாபாசாகேபோடு மாறுபட்டவர் என்பதும் உண்மை.

அச்சட்டத்தின் 14ஆம் பிரிவு யாவர்க்கும் சட்டத்தின் முன் சமத்துவம் அளித்தது. 15ஆம் பிரிவு ஆண் பெண் என்று வேற்றுமை பாராட்டுதலைத் தடுத்து, பெண்களுக்கெனத் தனி ஏற்பாடு செய்யவும் இடம் தந்தது. 16ஆம் பிரிவு அரசுப் பணியில் சம வாய்ப்பு வழங்கியது. 39ஆம் பிரிவு ஒத்த வேலைக்கு ஒத்த ஊதியத்தையும், 42ஆம் பிரிவு பேறுகால உதவியையும் அரசுக்கு வழிகாட்டும் நெறிகளாக்கின. வயது வந்த பெண்கள் யாவரும் சொத்து, கல்வி என்ற தகுதி எதுவுமின்றி வாக்குரிமை பெற்றனர்.

எனினும் வீட்டு வாசலுக்கு உள்ளே நிலவிய சட்டம் பழையதாகவே இருந்தது. ஆண் எத்தனை மணமும் செய்துகொள்ளலாம். பெண்ணுக்கு மணவிலக்கு இல்லை. கைம்பெண் அடையும் சொத்தும் அவள் உயிரோடுள்ள வரையில்தான். இதனை மாற்றவே இந்து சட்டத் தொகுப்பு மசோதாவை அவர் கையிலெடுத்தார். ஒருவனுக்கு ஒருத்தி, இருபாலார்க்கும் மணவிலக்கு, சாதி கடந்த மணத்துக்குச் சட்ட ஏற்பு, மகளுக்கு மகனோடு ஒத்த பங்கு, பெண்ணின் சொத்தில் அவளுக்கே முழு உரிமை ஆகியவை அதன் சாரம். 1949 பிப்ரவரியில் அதனைச் சபையின் ஆய்வுக்கு முன்மொழிந்தார். மடாதிபதிகள் எதிர்த்தனர்; ஆளுங்கட்சியிலேயே பலர் எதிர்த்தனர்; குடியரசுத் தலைவராயிருந்த இராஜேந்திர பிரசாத்தும் எதிர்த்தார். 1951 செப்டம்பர் வரை விவாதம் இழுபட்டது. நான்கு பிரிவுகள் மட்டுமே நிறைவேறிய நிலையில் மசோதா கைவிடப்பட்டது.

அவ்வாண்டு செப்டம்பர் 27இல் பாபாசாகேப் பதவி துறந்தார். தாழ்த்தப்பட்டோர் புறக்கணிக்கப்பட்டமை, வெளிநாட்டுக் கொள்கை முதலிய காரணங்களும் அதற்கு உண்டு. ஆயினும் இறுதி அடியாக அமைந்தது இம்மசோதாவின் வீழ்ச்சியே. பெண்களின் சொத்துரிமைக்காக அமைச்சர் பதவியை விட்டவர் அதற்கு முன் எவருமில்லை. பின்னர் 1955, 1956ஆம் ஆண்டுகளில் அம்மசோதா நான்கு தனிச் சட்டங்களாக நிறைவேறியது. கூட்டுக்குடும்பச் சொத்தில் மகளுக்குப் பிறப்புரிமை நாடெங்கும் கிடைக்க 2005ஆம் ஆண்டு ஆயிற்று. நம்மவர் ஒன்றைக் கருத்தில் இருத்த வேண்டும்: இச்சட்டங்கள் பெயரளவில் இந்துச் சட்டங்களாயினும் பௌத்தர்களுக்கும் பொருந்துவன. ஆதலால் பௌத்தக் குடும்பத்தில் பிறந்த மகளுக்கும் இவ்வுரிமைகள் உண்டு.

புத்தர் பெருமானும் பெண்களும்

பதவி துறந்த அதே ஆண்டில், கல்கத்தா மகாபோதி சங்கத்தின் இதழில் இந்துப் பெண்ணின் ஏற்றமும் வீழ்ச்சியும் பற்றி அவர் ஒரு கட்டுரை வெளியிட்டார். இந்தியப் பெண்ணின் தாழ்வுக்குப் புத்தரே காரணம் என்று எழுந்த பழிக்கு அது மறுப்பாகும். மகாபிரஜாபதி கௌதமி அம்மையார் சாக்கியப் பெண்களுடன் வைசாலி வரை நடந்து சென்று, ஆனந்தர் பரிந்துரைக்க, துறவறம் பெற்ற வரலாறு நாம் அறிந்தது. ஆணைப் போலவே பெண்ணும் அருகத நிலை எய்தவல்லாள் எனப் பெருமான் ஒப்புக்கொண்டதே அதன் உயிர்நாடி. வேதம் ஓதவும் துறவு பூணவும் பெண்ணுக்குத் தடை விதிக்கப்பட்டிருந்த நாட்டில், கல்வியையும் விடுதலையையும் பிக்குணிச் சங்கம் அவளுக்குத் திறந்துவிட்டது எனப் பாபாசாகேப் விளக்கினார். பெண்களைக் காணாதிருக்கும்படி ஆனந்தரிடம் புத்தர் கூறியதாக வரும் பகுதி, பிற்காலப் பிக்குகளால் இடையே செருகப்பட்டது என்று காரணங்காட்டி மறுத்தார். விசாகை, ஆம்ரபாலி ஆகியோரைப் புத்தர் மதித்து ஏற்ற வரலாறு அவருக்குச் சான்றாயிற்று.

1956 அக்டோபர் 14இல் நாகபுரியில் அவர் தீட்சை பெற்றபோது, அருகே நின்று சரணம் கூறியவர் அவர் மனைவியார் டாக்டர் சவிதா அம்மையார். 1948இல் அவரை மணந்து, நோயுற்ற காலத்தில் உடனிருந்து காத்தவர் அவரே. வெண்ணிற ஆடை உடுத்துத் திரண்டிருந்த இலட்சக்கணக்கானோரில் பெண்கள் தொகை பெரிது. கணவன் பெற்ற தீட்சை மனைவிக்கும் போதும் என்று வைக்கப்படவில்லை. பெண்களும் தம் வாயாலேயே சரணம் கூறினர். அவ்வாண்டு டிசம்பர் 6இல் பாபாசாகேப் பரிநிர்வாணம் எய்தினார்.

மலைநாடு காட்டிய பாடம்

அவர் மறைந்து ஏறத்தாழ அறுபதாண்டுகள் கழித்து, 2015 செப்டம்பரில், மூணாற்றுத் தேயிலைத் தோட்டங்களின் பெண்கள் ஒரு பெரும் போராட்டம் நடத்தினர். 20 விழுக்காடு போனஸ் கேட்டவர்களுக்கு 10 விழுக்காடே அறிவிக்கப்பட்டது. தொழிற்சங்கங்களின் ஆண் தலைவர்களை ஒதுக்கி நிறுத்திவிட்டுப் பெண்கள் தாமே சாலையில் அமர்ந்தனர். தம் அணிக்குப் பெம்பிளை ஒருமை என்று தம் பேச்சுத் தமிழிலேயே பெயர் சூட்டிக்கொண்டனர். ஒன்பது நாட்களில் கம்பெனி இணங்கியது: 8.33 விழுக்காடு போனஸும் 11.67 விழுக்காடு கருணைத் தொகையுமாக 20 விழுக்காடு கிடைத்தது. பின்னர் நாட்கூலி 232 ரூபாயிலிருந்து 301 ரூபாயாக உயர்ந்தது. அவர்கள் கேட்ட 500 ரூபாய் கிட்டவில்லை. எனினும், பெண்களின் பொருட்டுப் பேச ஆண்களே வேண்டும் என்ற எண்ணம் அன்று தகர்ந்தது. நாகபுரி மாநாட்டில் பெண்கள் தாமே தீர்மானம் எழுதியதன் தொடர்ச்சியே இது எனலாம்.

அன்பர்களே! பாபாசாகேபின் படத்துக்கு மாலையிடுவது எளிது. அவர் பதவியையே விட்டுக் கேட்ட பங்கை நம் வீட்டு மகளுக்குக் கொடுப்பதே கடினம். சகோதரனுக்காக விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்திட்டு விலகும்படி மகளை நெருக்குவது நம்மிடையே இல்லாமலா இருக்கிறது? பள்ளி தூரம் என்று பெண்ணை நிறுத்திவிட்டு, பையனை மட்டும் சமவெளிக்கு அனுப்பிப் படிக்க வைப்பது இல்லாமலா இருக்கிறது? நாள் முழுதும் சரிவிலே நின்று கொழுந்து பறித்து வந்தவள் அடுப்படியிலும் நிற்க, உடன் வேலை செய்து வந்தவன் திண்ணையில் அமர்வது எந்தத் தம்மத்தில் சேர்ந்தது?

பஞ்சசீலத்தை ஆணுக்கு ஒரு விதமாகவும் பெண்ணுக்கு ஒரு விதமாகவும் புத்தர் வகுக்கவில்லை. பத்திரத்தில் ஒரு பங்கு, பள்ளியில் ஓர் இடம், சங்கக் கூட்டத்தில் ஒரு நாற்காலி, அடுப்படியில் ஒரு கை என நாம் செய்யக்கூடியவை சிறியனவே. அவற்றை அடுத்த தம்ம நாள் வரை தள்ளிவைக்காமல் இன்றே தொடங்குவோமாக.